சுங்கத் தீர்வையும் வாக்காளர் சினமும்

திருக்கழுக்குன்றத்தில் அண்மையில் நடைபெற்ற அங்கத்தினர் கல்வி முகாமில், சங்கக் கணக்குகளைப் படிப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசி முடித்தபின், வினாக்கள் இருப்பின் கேட்கலாம் என்று கூறினோம். கடன் தவணையைப் பற்றியோ பங்குத் தொகையைப் பற்றியோ கேட்பார்கள் என்பது நம் எதிர்பார்ப்பு. பட்டுத்தறி நெய்யும் முதியவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, சீனத்துப் பட்டு நூலுக்குத் தீர்வையே கூடாது என்று சர்க்காருக்கு ஒரு மனு எழுதித் தாருங்கள். நாங்கள் எல்லோரும் கையொப்பம் இடுகிறோம்" என்றார். அவர் அமருமுன்னரே, மதுராந்தகம் பக்கத்தில் வேர்க்கடலை பயிரிடும் அன்பர் ஒருவர் எழுந்து, "அதே மனுவில், பாமாயிலுக்குத் தீர்வையை இரட்டிப்பாக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்" என்றார்.

கூட்டம் சிரித்தது. சிரிக்காதவர் ஓர் அம்மையார் மட்டுமே. "எண்ணெய் விலையை ஏற்றிவிட்டு எங்கள் வீட்டு அடுப்புக்கு யார் பதில் சொல்வது?" என்று அவர் கேட்டார். அவருடைய கணவரும் தறிக்காரரே. கடைசியாக, மாமல்லபுரத்துக்குத் தெற்கே இறால் குஞ்சுப் பொரிப்பகம் ஒன்றில் வேலை செய்யும் இளைஞர் பேசினார். "இங்கே தீர்வை போடு என்கிறார் ஒருவர், போடாதே என்கிறார் ஒருவர். எங்கள் பிழைப்பைக் குலைத்தது அமெரிக்காவில் போட்ட தீர்வை. அவர்கள் ஏன் அப்படிப் போட்டார்கள் என்று முதலில் சொல்லுங்கள், ஐயா."

அன்று நாம் மனு எழுதவில்லை. நால்வர் சொன்னதையும் ஒரே தாளில் எழுதினால் ஒரு வரி மற்றொரு வரியை அடித்துவிடும் என்று சொல்லி, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தோம். இளைஞரின் வினாவுக்கு ஐந்து நிமிடத்தில் விடை சொல்ல இயலாது. ஆதலின் இத்திங்கள் ஏட்டில் அதற்கு இடம் கேட்டுப் பெற்றோம்.

முதலில், தீர்வையைக் கட்டுவது யார்? அமெரிக்கா நம் இறாலுக்கு 50 சதவிகிதம் தீர்வை விதித்தது என்றால், அத்தொகையை நம் பண்ணைக்காரரோ நம் சர்க்காரோ கட்டுவதில்லை. அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கை எடுக்கும் அந்நாட்டு வியாபாரியே கட்டுகிறார். கட்டியபின் அச்சுமையை மூன்று இடங்களில் இறக்கிவைக்கப் பார்க்கிறார். விலையை ஏற்றி வாங்குவோர் தலையில் ஒரு பங்கு. தம் இலாபத்தைக் குறைத்துக்கொண்டு ஒரு பங்கு. நமக்குத் தரும் விலையைக் குறைத்து ஒரு பங்கு. எவர் தலையில் எவ்வளவு என்பது, எவருக்கு வேறு வழி உண்டு என்பதைப் பொறுத்தது. ஈக்வடார் நாட்டு இறால் குறைந்த தீர்வையில் அவர்களுக்குக் கிடைக்கும்போது, மூன்றாம் பங்கு கனத்துவிடுகிறது. இதே நியாயம்தான் இங்கும். பாமாயிலுக்கு நம் சர்க்கார் போடும் தீர்வையை மலேசியாக்காரர் கட்டுவதாக எண்ணிக்கொள்ளலாகாது. அதில் பெரும்பங்கு நம் வீட்டு எண்ணெய்ச் சட்டியிலிருந்துதான் செல்கிறது.

தீர்வை இல்லாமல் எல்லா நாடுகளும் கொள்வதும் கொடுப்பதும் நல்லது என்று வாதிப்பவர்கள், டேவிட் ரிக்கார்டோ என்னும் ஆங்கிலப் பொருளாதார அறிஞர் 1817-ஆம் ஆண்டில் எழுதிய நூலை இன்றும் எடுத்துக்காட்டுவர். அவர் இங்கிலாந்தின் துணியையும் போர்ச்சுகலின் திராட்சை மதுவையும் வைத்துச் சொன்னதை நாம் நம் ஊரை வைத்துச் சொல்லலாம். ஒரு நெசவாளர் தம் கொல்லையில் நெல்லும் விளைவிக்கக்கூடும். ஓர் உழவர் ஓய்ந்த நேரத்தில் தறியிலும் அமரக்கூடும். ஆயினும் ஒவ்வொருவரும் தமக்குக் கைவந்ததைச் செய்து மாற்றிக்கொண்டால், இருவருக்கும் நெல்லும் துணியும் கூடுதலாகக் கிடைக்கும். நாடுகளுக்கும் அப்படியே என்றார் ரிக்கார்டோ. இதில் பிழை காண்பது எளிதன்று.

பிழை வேறிடத்தில் இருக்கிறது. கணக்குக்காக ஓர் ஊரைக் கற்பனை செய்வோம். அதில் 2,000 குடும்பங்கள். வெளிநாட்டுத் துணி மலிவாக வந்ததால் குடும்பம் ஒன்றுக்கு மாதம் 20 ரூபாய் மிச்சம். ஊருக்கு 40,000 ரூபாய் ஆதாயம். அதே காரணத்தால் ஐந்து நெசவுக் குடும்பங்களுக்குத் தலைக்கு 6,000 ரூபாய் வருமானம் போயிற்று. 30,000 ரூபாய் நட்டம். கூட்டிக் கழித்தால் ஊருக்கு மாதம் 10,000 ரூபாய் இலாபம். ஆனால் 20 ரூபாய் மிச்சப்பட்டவருக்கு அது மிச்சப்பட்டதே தெரியாது. தெரிந்தாலும் அதற்காக அவர் ஊர்வலம் போகமாட்டார். 6,000 ரூபாய் இழந்தவருக்கோ அன்றிரவே தெரியும். ஆதாயத்திலிருந்து 30,000 ரூபாயை எடுத்து அந்த ஐவருக்கும் கொடுத்தால்கூட ஊருக்கு 10,000 ரூபாய் நிற்கும் என்று நூலார் சொல்வர். கொடுக்கலாம் என்பது உண்மை. கொடுத்தார்களா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. தணிக்கை செய்து பழகிய நமக்கு இக்கேள்வி தானாகவே வருகிறது.

இந்தச் சண்டை நம் கரைக்குப் புதிதன்று. மாமல்லபுரத்திலிருந்து தெற்கே சில மைல் சென்றால், கற்பாக்கத்துக்கு அருகில் சதுரங்கப்பட்டினம். அங்கே ஒல்லாந்தர் கோட்டையின் செங்கற்சுவர்களும், எழுத்துப் பொறித்த அவர்களுடைய கல்லறைகளும் இன்றும் நிற்கின்றன. 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் இங்கே பண்டகசாலை அமைத்தது இப்பக்கத்து மெல்லிய பருத்தித் துணிக்காகவே. வடக்கே சென்னைப்பட்டினத்தில் ஆங்கிலக் கம்பெனியாரும் துணிக்காகவே உட்கார்ந்திருந்தனர். சோழமண்டலக் கரையின் துணியும் சாயமும் ஐரோப்பாவில் பெற்ற மதிப்பை நாம் விவரிக்க வேண்டுவதில்லை. அத்துணி சென்று இறங்கிய இடத்தில் நடந்ததுதான் நம் அங்கத்தினர் பலரும் கேட்டிராத கதை.

லண்டன் நகரின் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பட்டு நெய்வோர் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தனர். இந்தியச் சாயத்துணி மலிவாக வந்து குவிந்ததும் அவர்கள் தறிகள் ஓய்ந்தன. 1697-ஆம் ஆண்டில் அவர்கள் திரண்டு சென்று பார்லிமெண்டைச் சூழ்ந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மாளிகையையும் தாக்கினர். 1700-ஆம் ஆண்டில் சட்டம் பிறந்தது. இந்தியா, பாரசீகம், சீனம் ஆகிய நாடுகளின் பட்டையும், அச்சிட்ட அல்லது சாயமிட்ட பருத்தித் துணியையும் இங்கிலாந்தில் உடுத்தலாகாது என்பது அதன் சாரம். வெள்ளைத் துணிக்கு வழி இருந்தது. அதை வாங்கி லண்டனிலேயே அச்சிட்டு விற்றார்கள். நெசவாளர் மீண்டும் பட்டினி. 1719-ஆம் ஆண்டில் அவர்கள் தெருவில் இறங்கி, சீட்டித் துணி உடுத்திய பெண்களின் ஆடைகளைக் கிழித்தனர். மையையும் எரிதிராவகத்தையும் ஊற்றினர். 1721-ஆம் ஆண்டுச் சட்டம், சிற்சில விலக்குகள் தவிர, அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே தடுத்தது.

பெண்களின் மீது திராவகம் ஊற்றியவர்களுக்குப் பரிந்து பேச நாம் வரவில்லை. ஆயினும் அவர்கள் ஆலை முதலாளிகள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆலை என்பதே அன்று இல்லை. அவர்களும் தறியில் அமர்ந்து, நாடாவைக் கையால் எறிந்தவர்களே. ஒரு கரையின் கைத்தறிக்காரர் பட்ட துன்பத்தால் மறு கரையின் கைத்தறிக்காரர் துணி தடுக்கப்பட்டது. நடுவில் இருந்த கம்பெனி இரு பக்கமும் இலாபம் கண்டது.

தடைச் சுவருக்குப் பின்னால் என்ன வளர்ந்தது? இங்கிலாந்திலேயே பருத்தி நூற்பும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. நூற்பு எந்திரங்கள் வந்தன. 1774-ஆம் ஆண்டில், உள்நாட்டிலேயே செய்த பருத்தித் துணிக்கு இருந்த தடையை நீக்கிவிட்டனர். அடுத்த இரு தலைமுறைகளுக்குள் ஆவித்தறிகள் வந்து, இங்கிலாந்தின் கைத்தறி நெசவாளரையே அழித்தன. காப்புச் சட்டம் தொழிலைக் காத்தது. அச்சட்டத்துக்காகத் தெருவில் இறங்கியவனின் பேரனைக் காக்கவில்லை. தீர்வையை உயர்த்து என்று குரல் கொடுப்போர் இந்த இரண்டாம் பாதியையும் படிக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

பின்னர் காற்று திசை மாறிற்று. லங்காஷயர் ஆலைத்துணி இந்தியாவில் வந்து குவிந்தபோது, இங்கே அதன்மேல் இருந்த சொற்ப இறக்குமதித் தீர்வையும் கூடாது என்று மாஞ்செஸ்டர்க்காரர் முழங்கினர். 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்தின் நகரத் தொழிலாளரில் பலர் வாக்குரிமை பெற்றிருந்தனர். ஆதலின் லங்காஷயரின் குரலை எந்தக் கட்சியும் தட்ட முடியவில்லை. 1879-ஆம் ஆண்டில் வைசிராய் லிட்டன், தம் ஆலோசனை சபையின் பெரும்பான்மையை மீறி, முரட்டுப் பருத்தித் துணிக்குத் தீர்வையை நீக்கினார். 1882-இல் எஞ்சியதும் போயிற்று. சர்க்காருக்குப் பணமுடை வந்து 1890-களில் மீண்டும் தீர்வை விதிக்க நேர்ந்தபோது, மாஞ்செஸ்டருக்கு மனக்குறை வரலாகாது என்று, 1896-இல் இந்திய ஆலைத்துணிக்கும் சரிக்குச் சரியாக 3½ சதவிகிதம் உற்பத்தி வரி போட்டார்கள். அவ்வரி 1925-இன் முடிவில்தான் நிறுத்தப்பட்டது. தடையற்ற வாணிபம் என்ற பெயரில் நடந்ததும், உற்று நோக்கினால், ஒரு வட்டாரத்து வாக்காளரின் சொல்தான். செங்கற்பட்டு நெசவாளருக்கு அன்று வாக்கு இல்லை.

வாக்கு வந்தபின் என்ன நடந்தது என்பது முதியோர் சிலர் தம் தந்தையர் வாயிலாகக் கேட்டிருக்கக்கூடிய செய்தி. 1952-ஆம் ஆண்டில் சென்னை ராஜ்யத்தில் கைத்தறித் துணி விற்காமல் தேங்கி, நெசவாளர் குடும்பங்கள் கஞ்சித் தொட்டிக்குச் செல்லும் நிலை வந்தது. முதல் மந்திரியாக இருந்த இராஜாஜி, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய சர்க்காரை வற்புறுத்தினார். அவரை வேறெல்லாவற்றிலும் எதிர்த்த திராவிட முன்னேற்றக் கழகத்தார், 1953-இன் தொடக்கத்தில் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து வீதிவீதியாக விற்றனர். அறிஞர் அண்ணா திருச்சிராப்பள்ளியில் விற்றார். ஆலைகள் நெய்யும் வேட்டியின் அளவுக்கு வரம்பு வந்தது. 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலைத்துணிக்குக் கெஜத்துக்கு 3 பை, அதாவது காலணா, கூடுதல் வரி விதித்து, அத்தொகையைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிட்டார்கள். நம் கூட்டுறவுச் சங்கங்கள் பல தலைநிமிர்ந்தது அக்காலணாவால்தான். அக்காலணாவைக் கொடுத்தவர் ஆலைத்துணி வாங்கிய ஏழையும்தான் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் முதலில் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிற்று. எதிர்த்தரப்பார் வழக்காடியதால் 1993-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்யும் வரை அது பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது. பின்னர் 22 என்பது 11 ஆகக் குறைந்தது. சட்டம் இருந்தும், விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் கடையில் தொங்குவதை நம்மவர் நாள்தோறும் காண்கின்றனர்.

இது நிற்க. அமெரிக்காவுக்கு வருவோம்.

1930-ஆம் ஆண்டில் அந்நாட்டார் ஸ்மூட், ஹாலி என்னும் இரு சட்டசபையாளர் பெயரால் வழங்கும் சட்டத்தை இயற்றி, பல்லாயிரம் பொருள்களுக்குத் தீர்வையை உயர்த்தினர். கையொப்பமிடவேண்டாம் என்று 1,028 பொருளாதார அறிஞர்கள் ஜனாதிபதி ஹூவருக்கு விண்ணப்பித்தும் அவர் கையொப்பமிட்டார். பிற நாடுகள் பதிலுக்குத் தீர்வை போட்டன. உலக வாணிபம் சுருங்கிற்று. 1932-இல் ஹூவர், ஸ்மூட், ஹாலி மூவருமே தேர்தலில் தோற்றனர். அந்த அனுபவத்தின்மேல்தான் 1947-ஆம் ஆண்டின் வாணிப, தீர்வை உடன்படிக்கை எழுந்தது. தொடக்கத்தில் அதில் சேர்ந்த 23 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

ஆனால் அக்காலத்திலும் அமெரிக்காவில் துணிக்கு மட்டும் தனி நியாயம் இருந்தது. 1960-ஆம் ஆண்டுத் தேர்தலில் தென் மாகாணங்களின் ஆலைத் தொழிலாளர் வாக்கை நாடிய கென்னடி, அந்நியத் துணியைக் கட்டுப்படுத்துவதாக வாக்களித்தார். 1961, 1962-ஆம் ஆண்டு ஏற்பாடுகளும், 1974-இல் வந்த பல்லிழை உடன்படிக்கையும் அதன் விளைவு. நாடுதோறும் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று பங்கீடு வகுத்தனர். 2004-இன் இறுதி வரை அது நீடித்தது. நம் நெசவாளருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று இதில் உண்டு. குடிசைத் தொழிலாக நெய்யப்படும் கைத்தறித் துணிக்குப் பல்லிழை உடன்படிக்கையின் பங்கீட்டிலிருந்து விலக்கு இருந்தது. கைத்தறி என்று முறைப்படி சான்று பெற்றிருந்தால் போதும். நம் கையால் நெய்தது அவர்களுடைய ஆலைக்காரனுக்குப் போட்டி அன்று என்பது அவர்கள் கணக்கு. அதற்கு முன்னரே, 1960-களில், துவைத்தால் சாயம் ஓடும் மெட்ராஸ் கட்டம் அமெரிக்காவில் மோகப் பொருளாயிற்று. சாயம் ஓடுவதையே அங்குள்ள விளம்பரக்காரர்கள் பெருமையாக்கி விற்றார்கள். நம் சங்கத்தில் அப்படி ஒரு துணி வந்தால் நாமே திருப்பி அனுப்பியிருப்போம்.

பின்னர் வந்தது பெரிய மாறுதல். 1994-இன் முதல் நாள் மெக்சிகோ, கனடா ஆகிய நாடுகளுடன் தடையற்ற வாணிப ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 2001 டிசம்பரில் சீனா உலக வாணிப ஸ்தாபனத்தில் சேர்ந்தது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆலைகளில் ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் பேர் வேலை செய்தனர். 2010-இல் அது 1 கோடியே 15 லட்சம் அளவுக்கு இறங்கிற்று. எந்திரங்களும் பொருளாதார மந்தமும் இதற்குப் பெருங்காரணம். எனினும் சீனத்துச் சரக்கால் மட்டும் 20 லட்சம் வேலைகளுக்கு மேல் போயிருக்கலாம் என்று ஆட்டர், டார்ன், ஹான்சன் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர்தம் கூட்டாளிகளும் கணக்கிட்டனர். அந்த இழப்பு நாடெங்கும் பரவலாக விழவில்லை. நாற்காலி செய்த ஊர், துணி நெய்த ஊர், காலணி தைத்த ஊர் என்று குறிப்பிட்ட ஊர்களின் தலையில் விழுந்தது. அவ்வூர்களில் ஆலை மூடியதும் கடை மூடிற்று; வரி வருமானம் குறைந்து பள்ளிக்கூடம் தேய்ந்தது. வேலை இழந்தவர்கள் வேறு ஊருக்குப் போய்ப் புது வேலை தேடிக்கொள்வர் என்று நூல்கள் சொல்லியிருந்தன. பலர் போகவில்லை. வீடும், முதிய பெற்றோரும், பழகிய கோயிலும் உள்ள ஊரை விட்டு எவர் எளிதில் போவார்?

நட்டமடைந்தோருக்கு ஈடு செய்யும் திட்டம் அவர்களிடம் இல்லாமல் இல்லை. கென்னடி காலத்து 1962-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அது இருந்தது. ஆனால் விதிகள் அவ்வளவு இறுக்கமாக இருந்தமையால், 1969 வரை ஒரு தொழிலாளர் விண்ணப்பமும் ஏற்கப்படவில்லை. பின்னர் விரிந்தும் சுருங்கியும் நடந்து, 2022 ஜூலையில் அதன் சட்டக்காலம் முடிந்து, புது விண்ணப்பங்களுக்கு அங்கீகாரம் நின்றது. ஊர்க்கணக்கில் நாம் சொன்ன 30,000 ரூபாய் இதுவே. கொடுக்கலாம் என்று எழுதி வைத்தார்கள், கொடுத்தது சொற்பம்.

2016-ஆம் ஆண்டில் டிரம்ப், பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய மூன்று பழைய ஆலை மாகாணங்களில் மொத்தம் 80,000-க்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்று ஜனாதிபதியானார். எஃகுக்கு 25, அலுமினியத்துக்கு 10 சதவிகிதம் என்று 2018-இல் தீர்வை வந்தது. சலவை எந்திரத்துக்கும் வந்தது. அதனால் எந்திரத்தின் விலை ஏறிற்று. ஏறத்தாழ 1,800 பேருக்கு வேலையும் கிடைத்தது. வேலை ஒன்றுக்கு வாங்குவோர் ஆண்டுதோறும் கொடுத்த கூடுதல் விலை 8 லட்சம் டாலருக்கு மேல் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். சீனா பதிலுக்கு அமெரிக்கச் சோயாமொச்சைக்குத் தீர்வை போட்டது. தம் உழவரின் கோபத்தைத் தணிக்க அமெரிக்க சர்க்கார் 2,800 கோடி டாலர் வரை உதவி அறிவிக்க நேர்ந்தது. எஃகுத் தொழிலாளிக்காகப் போட்ட சுவர் சோயா உழவன்மேல் சாய்ந்தது. நம் முகாமில் பட்டுக்காரரும் கடலைக்காரரும் எழுந்து நின்ற காட்சியும் இதுவே.

நம்மை வியப்பில் ஆழ்த்திய செய்தி வேறொன்று. முன் சொன்ன ஆராய்ச்சியாளர்களே அத்தீர்வைகளின் பயனை ஊர் ஊராக ஆராய்ந்து, 2024-இல் வெளியிட்டனர். தீர்வையால் காக்கப்பட்ட ஊர்களில் வேலை குறிப்பிடத்தக்க அளவு பெருகவில்லை. ஆயினும் அவ்வூர்களில் டிரம்ப் கட்சிக்கு ஆதரவு கூடியிருந்தது. இதைக் கேட்டு அம்மக்கள் ஏமாளிகள் என்று சொல்லிவிடுவது எளிது. நாம் அப்படி நினைக்கவில்லை. 20 ஆண்டுகளாகத் தம் ஊரின் பெயரையே எவரும் சொல்லக் கேளாதவர்கள், ஒருவர் வந்து பெயர் சொன்னதும் வாக்களித்தனர். சங்கத்தின் நட்டக் கணக்கை மறைக்காமல் படித்துக் காட்டும் தலைவரிடம் அங்கத்தினர் கொள்ளும் நம்பிக்கையும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அவர் நட்டத்தைத் தீர்ப்பாரா என்பது பிறகு.

மிச்சிகன் நமக்குத் தூர தேசம் அன்று. மறைமலைநகரில் போர்டு மோட்டார்க் கம்பெனி 1990-களில் தொழிற்சாலை கண்டதற்கு ஒரு காரணம், அந்நியக் காருக்கு நம் சர்க்கார் விதித்திருந்த உயர்ந்த தீர்வை. இறக்குமதி செய்து விற்க முடியாதவர்கள் இங்கேயே செய்து விற்க வந்தனர். செங்கற்பட்டு, சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்து நெசவு, உழவுக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அங்கே வேலை பெற்றனர். 2018 முதல் சில ஆண்டுகள் இங்கே செய்த ஈகோஸ்போர்ட் வண்டி அமெரிக்காவிலேயே விற்பனையாயிற்று. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று கூறி, 2021 செப்டம்பரில் கம்பெனி இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது; 2022 ஜூலையில் இங்கே கடைசி வண்டி இறங்கிற்று. ஏற்றுமதிக்காக மீண்டும் திறக்கும் எண்ணத்தை 2024-இல் தெரிவித்தது. நடுவில் இருந்த ஆண்டுகளில் கடன் தவணை தவறிய குடும்பங்களை நாம் நேரில் அறிவோம். மிச்சிகன் வாக்காளரின் மனநிலையை அவர்களிடம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனி இளைஞரின் வினாவுக்கு நேர் விடை. அமெரிக்காவின் லூயிசியானா முதலிய தென்கரை மாகாணங்களில் படகில் சென்று இறால் பிடிப்போர், பண்ணை இறால் மலிவாக வந்து தம்மை அழிக்கிறது என்று 2003-இன் கடைசி நாளில் முறையிட்டனர். நம் கரையை ஆழிப்பேரலை அழித்து இரண்டு மாதங்கூட ஆகாத நிலையில், 2005 பிப்ரவரியில், இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளின் இறாலுக்குக் குவிப்புத் தடுப்பு வரி வந்தது. பின்னர் 2009-இல் வன்னாமி இறாலுக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. தாய் இறால்கள் ஹவாய், புளோரிடா ஆகிய இடங்களிலிருந்து விமானத்தில் வந்து, நீலாங்கரையின் நோய்த்தடுப்பு நிலையத்தில் தங்கி, நம் கரையின் பொரிப்பகங்களுக்குச் செல்கின்றன. அவற்றின் சந்ததி உறைந்த பெட்டிகளில் அமெரிக்காவுக்கே திரும்புகிறது. இந்திய இறாலை மிகுதியாக வாங்கும் நாடு அமெரிக்கா என்ற நிலை இப்படி ஏற்பட்டது. 2025 ஆகஸ்டு 7-இல் இந்தியச் சரக்குகளுக்கு 25 சதவிகிதமும், ருஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி அதே மாதம் 27-இல் மேலும் 25 சதவிகிதமும் சேர்ந்து 50 ஆயிற்று. முதல் 25-இல் லூயிசியானாக்காரரின் பழைய கோபத்துக்கும் பங்கு உண்டு. இரண்டாவது 25-க்கும் இறாலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

அத்தீர்வை திருப்பூரையும் அடித்தது. ஆலைகளுக்கு ஆறுதலாக நம் சர்க்கார், 2021 முதல் இறக்குமதிப் பருத்திக்கு இருந்த 11 சதவிகிதத் தீர்வையை 2025 ஆகஸ்டு 19 முதல் டிசம்பர் 31 வரை நீக்கிற்று. புதுப் பருத்தி சந்தைக்கு வரும் பருவம் அது. பென்சில்வேனியாவில் மூடிய ஆலையிலிருந்து புறப்பட்ட கோபம், சுற்றிச் சுற்றி வந்து, பெரம்பலூர்ப் பருத்திக்காரரின் மூட்டை விலையில் வந்து நின்றது.

மனுவுக்குத் திரும்புவோம். கச்சாப் பட்டுக்கு 2011-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தீர்வை 30-இலிருந்து 5 சதவிகிதமாக இறங்கிற்று. நம் தறிக்காரருக்கு நல்ல காலம். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தில் மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்ப்போருக்குக் கெட்ட காலம். 2013-இல் 15 ஆயிற்று. பிறகு 10 ஆகி, 2021-இல் மீண்டும் 15. ஊஞ்சல் போல ஆடிய இத்தீர்வையை இன்னொரு முறை ஆட்டிவிடக் கேட்பதில் நமக்கு விருப்பமில்லை. கைத்தறிகளுக்கான கச்சாப்பொருள் வழங்கும் திட்டத்தில் உள்நாட்டுப் பட்டு நூலுக்கு 15 சதவிகித விலைச்சலுகை உண்டு. ஆனால் அதற்கு அளவு வரம்பு இருக்கிறது. அவ்வரம்பை உயர்த்தவும், தாமதமின்றி நூல் கிடைக்கவும் கேட்டால், தறிக்காரரும் பிழைப்பார். புழு வளர்ப்போரும் பிழைப்பார். முதல் வரியை இப்படி எழுதியிருக்கிறோம்.

பாமாயிலைப் பொறுத்தமட்டில், கச்சா எண்ணெயின் அடிப்படைத் தீர்வை 2024 செப்டம்பரில் 20 சதவிகிதமாக ஏறி, 2025 மே முடிவில் 10 ஆக இறங்கிற்று. தீர்வையை உயர்த்துவதைவிட, 2025-26 பருவத்துக்கு அறிவித்தபடி குவிண்டாலுக்கு 7,263 ரூபாய் போன்ற ஆதரவு விலையில் வேர்க்கடலையை வாங்க, அறுவடைக் காலத்திலேயே ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கொள்முதல் நிலையம் திறக்கக் கேட்பது மேல் என்று எண்ணுகிறோம். செலவு எல்லோர் வரியிலிருந்தும் போகும். அம்மையாரின் அடுப்பிலிருந்து மட்டும் போகாது. கடலைக்கார அன்பர் இதற்கு இன்னும் உடன்படவில்லை. அறிவித்த விலைக்கு வாங்க ஆள் வராத ஆண்டுகளை அவர் நம்மிடம் பெயர் பெயராகச் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு.

வரைவு நம் கைப்பெட்டியில் இருக்கிறது. அடுத்த திங்கள் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு அதே இடத்தில் படிக்கப்படும். இறால் பொரிப்பக இளைஞருக்கென விட்ட வரியில், வேலை இழந்த மாதங்களுக்குக் கூட்டுறவுக் கடனின் தவணையை வட்டியின்றித் தள்ளிவைக்க வேண்டும் என்பது வரை எழுதி நிறுத்தியிருக்கிறோம். மேலே என்ன எழுதலாம் என்பதை அவரையும் அவருடன் வேலை செய்வோரையும் அழைத்து வந்து சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.